பதினெட்டாவது பெயர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு யாதிரா பார்த்தபோது பன்னிரண்டு. பத்தரைக்குப் பார்த்தபோதும் பன்னிரண்டுதான். இடையில் ஏழு பேருக்குச் சூடாகச் சோள ரொட்டி கட்டிக் கொடுத்திருந்தாள். ஒருவருக்குக் கால் கிலோ குறைத்துக் கட்டி, அதற்குத் திட்டும் வாங்கியிருந்தாள். மாவு ஒட்டிய கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் போன் திரையே பூஞ்சை பிடித்ததுபோல் ஆகிவிட்டது. எத்தனை தடவை தேய்த்தாலும் அதிலிருந்த எண் நகர்வதாயில்லை.

முந்தைய நாள் மாலை பேராசிரியர் மனூகியன் தன் பழைய மாணவர்கள் எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டிருந்தார். மனிதருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. 'வசந்தப் பருவத்தில் அசெம்பிளி கணினிமொழி வகுப்பு எடுக்கிறேன். செவ்வாய், வியாழன், மாலை ஆறு மணி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதினெட்டுப் பேர் சேராவிட்டால் டீன் ரத்து செய்துவிடுவார். இப்போது பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அன்புடன்.' அவ்வளவுதான். இப்படிப்பட்ட மெயிலில் அன்பு எங்கிருந்து வந்தது என்று யாதிராவுக்கு எரிச்சலாக வந்தது.

சலீனாஸ் ஊரில் சமுதாயக் கல்லூரிக்குப் போகிறவர்களின் கணக்கு எளிது. இங்கே இரண்டு வருடம், பிறகு பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் நுழைந்து இரண்டு வருடம். பட்டத்தில் அந்தப் பெரிய பெயர் மட்டும்தான் இருக்கும். யாதிரா செந்தேஹாஸுக்கு மட்டும் இங்கேயுள்ள இரண்டு வருடம் நாலரை வருடமாக நீண்டுவிட்டது. பகலெல்லாம் ரொட்டிக் கடை கல்லாவில் நின்றுகொண்டு பருவத்துக்கு இரண்டு பாடம் படித்தால் வேறு எப்படி ஆகும்? ஆனால் படித்த ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்துத்தான் படித்திருந்தாள். மலைமேல் இருக்கும் பல்கலைக்கழகம் அவளுக்கு உத்தரவாதக் கடிதமே கொடுத்திருந்தது: இந்தப் பதின்மூன்று பாடங்களையும் மே மாதத்துக்குள் இந்த மதிப்பெண்ணோடு முடித்தால் கணினித் துறையில் இடம் நிச்சயம். ஒன்று குறைந்தாலும் கடிதம் வெறும் காகிதம். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவும் முடியாது. கணினித் துறைக்கு இனி உத்தரவாதமே தருவதில்லை என்று அவர்கள் அறிவித்துவிட்டார்கள். இவளுடையதுதான் கடைசித் தொகுதி.

பத்துப் பாடம் முடிந்துவிட்டது. இந்தப் பருவத்தில் மூன்று. அதில் அசெம்பிளி வகுப்பு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். பக்கத்து ஊர்க் கல்லூரியில் அந்தப் பாடம் நவம்பரிலேயே நிரம்பிவிட்டது.

பாடத்திட்டத்தின் அச்சுப்பிரதி எப்போதும் அவள் பையில் இருக்கும். ஆலோசகர் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே டிக் போட்ட திட்டம், அதன் கீழே இந்தப் பருவத்துக்கான கால அட்டவணை, கட்டம் கட்டமாக. நூலகத்தில் கறுப்பு வெள்ளைதான் இலவசம் என்பதால் எல்லாக் கட்டமும் ஒரே சாம்பல் நிறம். இன்னொரு பிரதி வீட்டில் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருந்தது. சாமி படத்தைப் பார்ப்பதுபோல் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் காப்பி போடுவாள்.

மதியம் யூமாவிலிருந்து அம்மா கூப்பிட்டாள். குளிர்காலத்தில் லெட்யூஸ் கீரை வெட்டும் வேலை எல்லாம் அரிசோனாவுக்குப் போய்விடும். லெட்யூஸ் போனால் அம்மாவும் போவாள், மார்ச்சில்தான் திரும்புவாள்.

"பன்னெண்டு பேர் போதாதாமா? நாங்க ஒன்பது பேரு ஒரு லாரி லெட்யூஸ வெட்டி ஏத்தறோம்டி."

"அது வேற, இது வேறம்மா."

"என்ன வேற? நாலரை வருஷமா கேக்கறேன், அந்த யூனிவர்சிட்டி உன்னைக் கூப்பிடுதா, இல்ல நீயேதான் பின்னாடி ஓடறியா?"

"கூப்பிடுதும்மா. லெட்டர் இருக்கு."

"லெட்டர் இருந்தா ஏன் அழற மாதிரி பேசற? சாப்பிட்டியா?"

யாதிரா சாப்பிடவில்லை. ரொட்டிக் கடையில் நின்றுகொண்டே பட்டினி கிடப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

அன்றைக்கே ஆள் பிடிக்கக் கிளம்பினாள். தெருவில் போகிறவர்களை எல்லாம் சேர்க்க முடியாது. சி பிளஸ் பிளஸ் வகுப்பில் தேறியவர்களைத்தான் கல்லூரிக் கணினி உள்ளே விடும். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள் என்று பழைய வகுப்புக் குழுவின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தோண்டினாள். முதலில் மாட்டியவள் சித்தி மகள் பிரிசா. கணினியை விட்டுவிட்டு நர்ஸ் படிப்புக்குப் போனவள்.

"பேரு போடறேன். ஆனா கிளாஸ் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். மூணாவது வாரம் விட்டுடுவேன், சரியா?"

"விட்டுக்கோ, தாராளமா விட்டுக்கோ. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு உன் பேரு இருந்தா போதும்."

இது ஒன்றும் யாதிரா கண்டுபிடித்த தந்திரமில்லை. வகுப்பு சாகப் போகிறது என்றால் எல்லாரும் செய்வதுதான். டீனுக்கும் தெரியும், தெரியாததுபோல் இருப்பார். பதின்மூன்று ஆனது. புதன்கிழமை டாலிவரைப் பிடித்தாள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. வீட்டில் மனைவியோடு ஒரே அறையில் இருப்பதைத் தவிர்ப்பதற்காகவே கல்லூரியின் பாதிப் பாடங்களைப் படித்து முடித்தவர். "சாயங்காலம் ஆறு மணிக்கா? அதுதான் அவ சீரியல் பாக்கிற நேரம். சேந்துட்டேன்னு வெச்சுக்கோ" என்றார். பதினான்கு.

கடைத்தொகுதியில் போன் ரிப்பேர் செய்யும் பனியாகுவா சகோதரர்கள் இரண்டு பேரும் தேறியவர்கள். அண்ணன் பேரம் பேசினான்.

"மூணு ராஜாக்கள் பண்டிகை ரொட்டியில என் துண்டுலதான் பொம்மை வந்துச்சு. பொம்மை வந்தவன்தான் பிப்ரவரி ரெண்டாம் தேதி எல்லாருக்கும் தமாலே போடணும், அது வழக்கம். அதை நீ ஏத்துக்கோ, ரெண்டு பேரும் பேரு போடறோம்."

"எத்தனை பேருக்கு?"

"நாப்பது."

"நாப்பதா! உங்க வீட்டுல என்ன கல்யாணமா?"

"கிளாஸ் வேணுமா, வேணாமா?"

வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாள். மாவைச் சோளத் தோகையில் சுற்றி அவிக்கும் தமாலே செய்வது எத்தனை பெரிய வேலை என்று யோசிக்கவே அவளுக்கு நேரமில்லை. பதினாறு.

வியாழன் முழுக்க ஒரு ஈ காக்கைகூடச் சிக்கவில்லை. இரண்டு பேர் ஊரை விட்டே போயிருந்தார்கள். ஒருத்தி போனை எடுக்கவில்லை. இன்னொருவன் எடுத்து, "இன்னுமா நீ அந்தக் காலேஜ்ல இருக்க?" என்று கேட்டுவிட்டு வைத்தான். அந்தக் கேள்வி நாள் முழுக்க அவளைக் குடைந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது. அவளோடு பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிவிட்டன. அவள் மட்டும் ஒரே இடத்தில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தாள். மாலையில் கடை மூடும்போது முதலாளியம்மா, "மூணு நாளா நீ சில்லறையைத் தப்பாக் குடுக்கற. நாளைக்கு ரெண்டு மணிக்கே போயிடு, போய் உன் வேலையை முடி" என்றாள். கோபத்தில் சொன்னாளா, பரிதாபத்தில் சொன்னாளா என்பது யாதிராவுக்குப் புரியவில்லை.

வெள்ளி மதியம் ஒரு மணிக்குத் திரையைத் தேய்த்தபோது பதினேழு. யாரோ ஒரு புண்ணியவான் தானாகவே சேர்ந்திருந்தான். யாதிரா கல்லாவுக்குப் பின்னால் ஒரு குதி குதித்தாள். இன்னும் ஒரே ஒரு ஆள்.

பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. மூன்று நாளாக அந்தப் பெயரைக் கட்டைவிரலால் மறைத்தபடியே பட்டியலைப் பார்த்துவந்தாள். லியோபார்தோ வியாசெஞோர்.

சி பிளஸ் பிளஸ் வகுப்பில் அவள் ஜோடி அவன்தான். கடைசிப் புராஜெக்டை இருவர் இருவராகச் செய்ய வேண்டும். அப்போது டயர் கடை வேலை போக வார இறுதியில் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்த லியோ, சந்திக்க வருவதாகச் சொன்ன நான்கு முறையில் மூன்று முறை தாமதமாக வந்தான், ஒரு முறை வரவே இல்லை. யாதிரா பொறுத்துப் பார்த்துவிட்டு மனூகியனுக்கு மெயில் எழுதினாள். 'அவனுக்கு இந்தப் படிப்பு பொழுதுபோக்கு. எனக்கு அப்படியில்லை. அவனோடு கட்டிப்போட்டால் என் இடம் போய்விடும். தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.' சுற்றி வளைக்கத் தெரியாத அந்த மனிதர், 'இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று இருவருக்கும் சேர்த்துப் பதில் போட்டுவிட்டார். அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் அடியில் அப்படியே கிடந்தது. லியோ ஒரு வார்த்தை பேசவில்லை. தனியாகவே புராஜெக்டைச் செய்து கொடுத்துத் தேறிவிட்டு, அதற்குப் பிறகு கல்லூரிப் பக்கம் வரவே இல்லை. ஒன்றரை வருடமாக அவன் கடை இருக்கும் தெருவை யாதிரா சுற்றிக்கொண்டு போகிறாள்.

மூன்றரை மணிக்கு அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தினாள். நாலே கால் வரை இறங்கவில்லை. பதினேழு, பதினேழு, பதினேழு. பிறகு இறங்கினாள்.

லியோ ஒரு பிக்கப் வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

"டயர் பஞ்சரா மேடம்?"

"இல்ல."

"அப்போ வழி தவறி வந்துட்டீங்க."

"லியோ, ஒரு உதவி வேணும்."

"அதான பாத்தேன். சௌக்கியமா இருக்கியான்னு கேக்கவா வரப்போற?"

யாதிரா எல்லாவற்றையும் கொட்டினாள். வகுப்பு, பதினேழு, ஐந்து மணி, கடிதம், நாற்பது தமாலே, எல்லாம். மூச்சு வாங்க நிறுத்தியபோது அவன் நட்டுகளை எண்ணி ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என் படிப்பு பொழுதுபோக்காச்சே. பொழுதுபோக்குறவன் பேரு எதுக்கு?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. "அப்படி எழுதினது தப்புதான். மன்னிச்சுடு."

"ஒன்றரை வருஷம் ஆச்சு. இன்னிக்கு நாலு மணிக்குத்தான் தப்புன்னு தெரிஞ்சுதாக்கும்?"

யாதிரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு முப்பத்திரண்டு. அதை அவனும் கவனித்தான். எழுந்து கையைத் துணியில் துடைத்தான். போகாத கிரீஸை ஒரு முறை பார்த்துவிட்டு, "பின் பாக்கெட்ல போன் இருக்கு, எடு" என்றான். "பாஸ்வேர்ட் போடும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

விரல் முட்டியால் குத்திக் குத்திக் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தான். யாதிரா வகுப்பின் எண்ணைச் சொன்னாள். அசெம்பிளி வகுப்பு அவனது அட்டவணையில் செவ்வாய், வியாழன் இடத்தில் பளிச்சென்று மஞ்சள் கட்டமாக வந்து உட்கார்ந்தது.

"ஆச்சா?" என்றாள் யாதிரா. "சேந்தாச்சா?"

"என்ன அவசரம்? இது வெறும் திட்டம். எடுக்கப் போறேன்னு குறிச்சு வெச்சிருக்கு, அவ்வளவுதான். கீழ நீலப் பட்டன் இருக்கு பாரு, அதை அமுக்கினாதான் பதிவாகும். அப்புறம் இது பச்சையா மாறும்." முட்டியை நீட்டியவன் நிறுத்தினான். "என்ன, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

யாதிரா பையிலிருந்து அச்சுப்பிரதியை உருவினாள். சாம்பல், சாம்பல், சாம்பல். நவம்பரில் அவள் பதிவு நாளன்று மற்ற இரண்டு பாடங்களையும் பதிந்திருந்தாள். அசெம்பிளி வகுப்புக்கு அன்றைக்கு நேரம் குறிக்கவில்லை. டிசம்பரில் நேரம் வந்ததும் அதைத் தேடி எடுத்து அட்டவணையில் வைத்தாள். இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அச்சுப் போட்டு, ஒட்டியும் விட்டாள். அதற்குப் பிறகு காகிதத்தைத்தான் பார்த்தாள். திரையில் பார்த்ததெல்லாம் எண்ணிக்கையை மட்டும்.

தன் போனில் தன் அட்டவணையைத் திறந்தாள். இரண்டு பச்சை. ஒரு மஞ்சள்.

"லியோ, நான் அதுல இல்ல."

"எதுல இல்ல?"

"அந்தப் பதினேழுல நான் இல்ல!"

நீலப் பட்டனை அமுக்கினாள். திரையில் சக்கரம் சுற்றிற்று. தகரக் கூரைக்கடியில் சிக்னல் ஒரு கோடுதான். வெளியே தெருவுக்கு ஓடினாள். ஒரு லாரி ஒலி எழுப்பித் திட்டிக்கொண்டு போயிற்று. நாலு நாற்பத்தாறுக்குக் கட்டம் பச்சையானது. வகுப்புப் பக்கத்தைத் திறந்தாள். பதினெட்டு. நடைபாதையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

உள்ளே வந்தபோது லியோ பிக்கப் வண்டிமேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"மூணு நாளா ஊரெல்லாம் ஆள் பிடிச்சியே! உன்னைத் தவிர எல்லாரையும் சேத்திருக்க. கடவுளே, நாப்பது தமாலே வேற!"

"சிரி, நல்லா சிரி."

"திட்டம் போடறதுல உன்னை அடிச்சுக்க இந்த ஊர்ல ஆளில்லன்னு நெனச்சேன்." சிரிப்பு மெல்ல அடங்கியது. தன் போனைப் பார்த்தான். அவனுடைய கட்டம் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. "சரி. பதினெட்டு ஆச்சு. இனிமே நான் தேவையில்ல."

யாதிரா அச்சுப்பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அந்த மன்னிப்பு நம்பருக்காகத்தானே கேட்ட?"

இல்லை என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாளாகப் பொய்க் கணக்கோடு ஓடி அவளுக்கு அலுத்திருந்தது. "வந்தப்போ நம்பருக்குத்தான் கேட்டேன்."

"இப்போ?"

"இப்போதான் நம்பர் ஆயிடுச்சே. இப்பவும் கேக்கறேன். நீ பொழுதுபோக்குக்குப் படிக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும் லியோ. தெரிஞ்சேதான் எழுதினேன். என் இடம் போயிடுமோன்னு பயம்."

அவன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். சக்கரத்தைத் தூக்கினான். "வண்டிக்காரர் காத்திட்டிருக்கார். வழியை விடு."

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒரு தடவைகூடத் திரையைத் தேய்க்கவில்லை. பார்த்தால் அவன் அமுக்கினானா இல்லையா என்று தெரிந்துவிடும். அதைத் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை. போனை வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். மனம் மட்டும் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

வகுப்பு பதினோரு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை தொடங்கியது. முப்பது நாற்காலி போட்ட அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். டாலிவர் முன்வரிசையில் புது நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பிரிசா சொன்னபடியே வரவில்லை. மனூகியன் ஆறு மணி அடித்ததும் பெயர் கூப்பிடத் தொடங்கினார். முதல் நாள் வராதவர்களின் பெயரை அடித்துவிடலாம் என்பது விதி. அந்த விதியில் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு.

"செந்தேஹாஸ்?"

"இருக்கேன்!" கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு ஒவ்வொரு பெயராக விரல் மடக்கினாள். சகோதரர்கள் வரவில்லை, தமாலே மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும்போல. பதினைந்து, பதினாறு, பதினேழு. டாலிவர் பதினெட்டு. மனூகியன் தாளைத் திருப்பினார்.

"வியாசெஞோர்?"

பத்தொன்பதாவது பெயர்: அப்படியானால் அவன் நீலப் பட்டனை அமுக்கியிருக்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. அறையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மனூகியன் பேனாவைத் தாளில் வைத்தார்.

"சார், வருவான்." அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "டயர் கடை ஆறு மணிக்குத்தான் மூடுவாங்க. கை கழுவிட்டு வரணும். அடிச்சுடாதீங்க."

மனூகியன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இவரைப் பத்தி எனக்கு நீங்க முன்னாடியும் எழுதியிருக்கீங்க இல்ல?"

"எழுதினேன் சார். அது தப்பு. இப்போ சொல்றதை எடுத்துக்குங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறரை வரைக்கும்" என்றார். பலகையில் எதையோ எழுதத் தொடங்கினார். யாதிராவின் கண் பலகையில் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்துத் தரையில் வைத்தாள். கதவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள்.

ஆறு இருபத்தாறுக்குக் கதவு திறந்தது. கடைச் சட்டையோடு, நனைந்த கையோடு லியோ உள்ளே வந்தான். மனூகியனைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் காலி செய்து வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தான். அதை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தான்.

"லேட்டாயிடுச்சு" என்று முன்னால் பார்த்தபடியே முணுமுணுத்தான். "சாருக்கு மெயில் போட்டாச்சா?"

"வாயாலேயே சொல்லிட்டேன்" என்றாள் யாதிரா.

"என்னன்னு?"

"நீ வருவேன்னு."